பழைய பேஸ் கிட்டார்: திருகினால் சரியாவதும், சரியாகாததும்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய பேஸ் கிட்டாரில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அவ்வளவு பளபளப்பு. அதே வாரத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வேண்டாமென்று வந்திருந்தேன். அதில் பெயின்ட் உரிந்திருந்தது, கம்பிகள் நெக்கிலிருந்து, அதாவது விரல் ஓடும் நீளக் கழுத்திலிருந்து, விரல் நுழையும் உயரத்தில் நின்றன. அந்த உரிந்ததை என் நண்பன் வாங்கினான். ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியால் நெக்குக்கு அரைச் சுற்று, உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் சில திருகல்கள், புதுக் கம்பிகள். ஒரே சாயங்காலத்தில் கை தானாக ஓடும் வாத்தியமாகிவிட்டது. என்னுடையதில் நெக்குக்குள் ஓடும் எஃகுத் தண்டின் திருகுமுனை தேய்ந்து வழுக்கிப் போயிருந்தது. விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டே மாதத்தில் நெக் வில்லாக வளைந்தது, நிமிர்த்த வழியில்லை.

பழைய பேஸில் குறையாகத் தெரிவதில் பாதி, யாரோ திருகாமல் விட்டதுதான். மீதிப் பாதி எந்தத் திருகுக்கும் அசையாது. எது எந்தப் பாதி என்று வாங்குமுன்பே கண்டுபிடிப்பதும், திருக வேண்டியதைப் பிறகு சரியான வரிசையில் திருகுவதும்தான் இந்த வழிகாட்டி.

எதைத் தேடுகிறோம்

தேடக் கிளம்பும் முன் நான்கு விஷயங்களை முடிவு செய்துகொண்டால் போதும். மீதியைக் கை சொல்லிவிடும்.

முதலில் நீளம். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் வெட்டுகள் உள்ள நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளத்தைத்தான் ஸ்கேல் என்கிறோம். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது இருந்த 34 அங்குலம்தான் இன்றும் பெரும்பாலான பேஸ்களின் அளவு. அதுவரை பேஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்கள். அதில் ஃப்ரெட், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள், கிடையாது, சுருதி முழுக்க விரலின் பொறுப்பு. ஃப்ரெட் வைத்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது, அதனால்தான் பிரிசிஷன் என்ற பெயரே. 30 அங்குலக் குட்டை ஸ்கேலும் உண்டு. முதல் ஃப்ரெட் பக்கம் விரல் எட்டச் சிரமப்பட்டால் தயங்காமல் அதற்குப் போங்கள். அது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கையில் இருந்த ஹோஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான்.

அடுத்து நெக்கின் அகலம். ஃபெண்டரிடமிருந்து 1960இல் வந்த ஜாஸ் பேஸின் நெக் நட்டருகே சுமார் 38 மி.மீ. பிரிசிஷன் வகையில் அது 41 முதல் 44 வரை போகும். எழுதிப் பார்த்தால் சில மில்லிமீட்டர், பிடித்துப் பார்த்தால் வேறு வாத்தியம். எது நல்லது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் பத்து நிமிடம் வாசியுங்கள், கட்டைவிரலின் அடிச்சதை வலிக்காதது எதுவோ அதுதான் உங்களுடையது.

மூன்றாவது, நான்கு கம்பியா ஐந்தா. நான்கில் தடித்த ஈ கம்பியின் சுரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதாகச் சேரும் பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சாதாரண ஐந்து கம்பி பேஸ்களில் இந்த பி தொளதொளவென்று, சுரமா உறுமலா என்று தெரியாமல் கேட்கும். முதல் பேஸ் என்றால் நான்கே போதும்.

கடைசியாக ஆக்டிவா பாசிவா. ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடி ஒலியைக் கூட்டிச் செதுக்கும் ப்ரீஆம்ப் என்ற சின்னச் சுற்று இருக்கிறது. 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்தபின் இது பரவலானது. சத்தத்தைச் செதுக்க வசதி அதிகம். ஆனால் கேபிளைச் செருகிய நொடியிலிருந்து பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாசிக்கிறீர்களா தூங்குகிறீர்களா என்று அதற்குக் கவலையில்லை. வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வைக்கிற பழக்கம் உங்களுக்கு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சுருதி காட்டும் ட்யூனர், உங்கள் சொந்தக் கேபிள், ஹெட்ஃபோன் செருகும் சின்ன ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல், ஸ்ட்ராப், ஒரு புது 9 வோல்ட் பேட்டரி, டார்ச். கேபிளை மறக்காதீர்கள். விற்பவரின் கேபிள் கரகரத்தால் குற்றம் கேபிளிலா பேஸிலா என்று கடைசிவரை தெரியாது.

போகுமுன் விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கம்பிகளைச் சரியான சுருதியில் ஏற்றி வைத்திருங்கள், ஒருநாள் முன்னாலேயே. நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 75 கிலோ விசையில் இழுக்கின்றன. கம்பியைத் தளர்த்தி வைத்திருந்தால் அந்த இழுவை இல்லாத நெக்கைத்தான் பார்ப்பீர்கள், அது உண்மையான நெக் அல்ல.

கையில் எடுத்ததும்

உடனே வாசிக்காதீர்கள். ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று, இரண்டு கையையும் விடுங்கள். தலைப்பகுதி தரையைப் பார்த்துச் சரிந்தால், வாசிக்கும்போது உங்கள் இடது கை பாதி நேரம் நெக்கைத் தூக்கிப்பிடிக்கும் வேலையைத்தான் செய்யும். சில மாடல்களுக்கு இது பிறவிக் குணம். அகலமான சொரசொரப்பான ஸ்ட்ராப் கொஞ்சம் உதவும், முழுதாகப் போகாது. எடை மூன்றரை முதல் நாலரை கிலோ வரை சகஜம். ஐந்தைத் தொட்டால் ஒத்திகையின் மூன்றாவது மணி நேரத்தில் தோள் கணக்குக் கேட்கும்.

அப்புறம் சுருதி சேர்த்துவிட்டு, பேஸின் உடற்பகுதியைக் கண்ணருகே கொண்டுவந்து குறிபார்ப்பது போல நெக்கின் நீளத்துக்குப் பாருங்கள். தேடுவது முறுக்கல். நட்டின் மேல்விளிம்பும் கடைசி ஃப்ரெட்டும் தண்டவாளக் கட்டைகள் போல ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டுவிட்டது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

வளைவைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கம்பியை வைத்து அளப்பது நம்பகமானது. இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான அளவுகோல் அந்த இடத்தில் வேறில்லை. இடது கையால் ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். வலது கையின் கட்டைவிரலால் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, அதே கையின் ஆள்காட்டி விரலை நீட்டி நடுவில், எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பியைத் தட்டுங்கள். விரல் எட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைத் தட்டச் சொல்லுங்கள். ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, அது வேண்டியதுதான். சத்தமே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் முன்பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது. இந்த மூன்றுமே திருகினால் சரியாகும், தண்டு உயிரோடு இருந்தால்.

தண்டு உயிரோடிருக்கிறதா என்பதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி. ட்ரஸ் ராட் எனப்படும் இந்த எஃகுத் தண்டின் திருகுமுனை நெக்கின் தலைப்பக்கம் இருக்கும், அல்லது உடலோடு சேரும் இடத்தில் இருக்கும். மூடி இருந்தால் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழியின் மூலைகள் கூர்மையாக இருக்க வேண்டும், உருண்டையாகத் தேய்ந்திருக்கக் கூடாது. விற்பவர் சம்மதித்தால் முதலில் தளர்த்தும் பக்கமாகவும் பிறகு இறுக்கும் பக்கமாகவும் எட்டில் ஒரு சுற்று திருகிப் பாருங்கள். மிதமான எதிர்ப்போடு நகர்ந்தால் நல்லது. சுத்தமாக எதிர்ப்பே இல்லாமல் சுற்றினாலும் சரி, பாறை மாதிரி நின்றாலும் சரி, இரண்டும் கெட்ட செய்தி. திருகவே கூடாது என்று விற்பவர் சொன்னால் அது அவர் உரிமை. வாங்குவதும் வாங்காததும் உங்கள் உரிமை.

இப்போது வாசிக்கலாம். பாட்டு வேண்டாம். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒருமுறை. 20 ஃப்ரெட் என்றால் எண்பது சுரம், ஐந்து நிமிடம். விற்பவர் பெருமூச்சு விடுவார், விடட்டும். எங்கே உரசல் வருகிறது, எந்தச் சுரம் தொண்டையை நெரித்தது போல நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மெல்லிய ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப் போகலாம். டெட் ஸ்பாட் என்பார்கள். அந்தச் சுரத்தின் அதிர்வை நெக் தன் அதிர்வாக உறிஞ்சிக்கொள்வதால் வருவது இது, விலையுயர்ந்த பேஸ்களிலும் உண்டு. லேசாக இருந்தால் அதற்காக நல்ல பேஸை விட வேண்டாம்.

ஃப்ரெட்டுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கம்பி படும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், எஃகுச் சுருள் கம்பி வேறென்ன செய்யும். நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுப்படும் பள்ளம் என்றால் பரவாயில்லை, ஒருமுறை சமன் செய்துவிடலாம். ஃப்ரெட்டின் உயரத்தில் பாதி போயிருந்தால் புது ஃப்ரெட் போட வேண்டும், அந்தச் செலவைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் ரம்பம் போலக் குத்துகின்றனவா? மரம் உலர்ந்து சுருங்கியதன் விளைவு அது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அரத்தால் சரியாகும் வேலை.

பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சாடில்களின் உயரத் திருகுகளைக் கவனியுங்கள். சாடில் அடிவரை இறங்கியிருக்கிறது, கம்பியோ இன்னும் உயரமாக நிற்கிறது என்றால் நெக் உடலோடு சேரும் கோணம் தவறு. போல்ட் போட்ட நெக்காக இருந்தால் சேரும் இடத்தில் மெல்லிய ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். ஒட்டிய நெக்காக இருந்தால் அது பெரிய அறுவைச் சிகிச்சை.

ஆம்பில் செருகிய பிறகு

ஒலியளவு, டோன் குமிழ்களை முழுக்கச் சுழற்றுங்கள். கரகரவென்றால் தூசி, கான்டாக்ட் கிளீனர் நாலு சொட்டில் போய்விடும். கேபிள் செருகும் ஜாக்கை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா? ஜாக்கின் நாக்கை லேசாக வளைத்தாலோ ஒரு பற்றவைப்பிலோ முடிந்துவிடும். இவற்றைக் காட்டிப் பேரம் பேசலாம், பயப்பட வேண்டியதில்லை.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைப் பற்றித்தான் நிறையக் குழப்பம். வாசிக்காதபோது இரைச்சல் கேட்டு, கம்பியில் கைவைத்ததும் குறைந்தால் கிரவுண்ட் வயர் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கைவைத்ததும் கூடினால் வயரிங் எங்கோ தவறு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளைத்தான் பிக்கப் என்கிறோம். ஜாஸ் பேஸ் வகையில் ஒரு பிக்கப்பின் ஒலியளவை மட்டும் திறந்தால் இரையும், இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றன் இரைச்சலை மற்றது அழித்துவிடும். அது அந்த வடிவமைப்பின் இயல்பு. இது தெரியாமல் நல்ல பேஸ்களைக் ‘கெட்டுவிட்டது’ என்று விற்பவர்கள் உண்டு. அப்படி விற்பவரிடம் நீங்கள் வாங்கினால் எனக்குப் பொறாமைதான்.

ஆக்டிவ் பேஸ் என்றால் உங்கள் புது பேட்டரியைப் போட்டுக் கேளுங்கள். பேட்டரிப் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விட்டுவிட்டு வர வேண்டியவை

நெக் முறுக்கல், வேலை செய்யாத தண்டு, தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடத்தில் விரிசல், ஒட்டிய நெக்கில் தவறான கோணம். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். விரிசலை மயிரிழைக் கோடாகப் பாலிஷுக்கு அடியில் தேட வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும்.

என் பளபளப்பான பேஸுக்குக் கடைசியில் வேறு நெக் போட்டேன். போல்ட் போட்ட நெக் என்பதால் நான்கு திருகைக் கழற்றி மாட்டியதுதான் வேலை. ஆனால் அந்த நெக்குக்குக் கொடுத்தது பேஸுக்குக் கொடுத்ததில் முக்கால்வாசி.

வீட்டில்: வரிசை மாறக் கூடாது

சீரமைப்பு என்பது ஐந்து வேலை: கம்பி, நெக்கின் வளைவு, கம்பியின் உயரம், ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சரியாக விழும் இன்டொனேஷன், பிக்கப் உயரம். இதே வரிசையில்தான் செய்ய வேண்டும். நெக்கின் வளைவை மாற்றினால் கம்பி உயரம் மாறும், உயரம் மாறினால் இன்டொனேஷன் மாறும். பின்னாலிருந்து தொடங்கியவர்கள் ராத்திரி முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

முதலில் புதுக் கம்பி. பழைய கம்பியில் இன்டொனேஷன் பார்ப்பது வீண், தேய்ந்த கம்பி ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் பொய் சொல்லும். பொதுவான செட் 45இலிருந்து 105 வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில். கம்பி மாற்றும்போது பலர் தவறுவது வெட்டும் இடத்தில்தான். கம்பியைச் சுற்றும் தூணைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, முதலில் அங்கே செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்றிய சுருள் தளர்ந்துவிடும், புதுக் கம்பியே செத்த கம்பி போலக் கேட்கும். முனையைத் தூணின் நடுத் துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. சுருதி ஏற்றியபின் சாடிலைத் தாண்டியதும் கம்பியை விரலால் ஒருமுறை கீழே அழுத்துங்கள். வளைவாக ஏறி நிற்பது மடிந்து நேராகும், சுரம் தெளியும்.

எல்லாரும் பளிச்சென்ற ரவுண்ட்வவுண்ட், அதாவது உருண்டைச் சுருள் சுற்றிய கம்பிதான் போட வேண்டும் என்றில்லை. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் கேட்கும் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸில் இருந்தது தட்டைப் பட்டை சுற்றிய வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அவர் அதை மாற்றுவதே இல்லை என்பது பேஸ் வாசிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஃப்ளாட்வவுண்டின் இழுவை பெரும்பாலும் கூடுதல், மாற்றினால் நெக்கை மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நெக்கின் வளைவு. முன்பு கம்பியை அழுத்திப் பார்த்தோமே, அதேதான். முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.3 மி.மீ. வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு சிக்காமல் நுழையும் அளவு. அதிகமாக இருந்தால் தண்டை வலஞ்சுழியாக இறுக்குங்கள், நெக் நிமிரும். இடைவெளியே இல்லையென்றால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருகியதும் மறுபடி சுருதி சேருங்கள், மறுபடி அளந்து பாருங்கள். பிறகு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். மரம் மெதுவாகத்தான் அசையும், காலையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சரியான அளவு ஆலன் கீ இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். அங்குல அளவுக் குழியில் மில்லிமீட்டர் சாவியைப் போட்டு யாரோ திருகியதுதான் என் பேஸின் கதையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, உயரம். 17ஆவது ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை எஃகு ஸ்கேலால் அளங்கள். ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்கலாம். பலமாக வாசிப்பவர் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு குட்டித் திருகு இருக்கும். இரண்டையும் சமமாகத் திருகினால்தான் சாடில் சாயாமல் நிற்கும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு திருகினால் திருகுமுனை தேயாது.

நட்டையும் இங்கேயே சோதித்துவிடலாம். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி இருந்தால் நட்டின் வெட்டு ஆழம் போதாது. முதல் இரண்டு ஃப்ரெட்டில் விரல் வலிப்பதும், சுருதி ஏறிக் கேட்பதும் அதனால்தான். அதை அரத்தால் இறக்கும் வேலையைக் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். ஒரு இழுப்பு அதிகமானால் நட்டையே மாற்ற வேண்டும்.

நான்காவது இன்டொனேஷன். பெயர்தான் பெரிசு. 12ஆவது ஃப்ரெட்டின் நேர்மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி போல ஒரு ஹார்மோனிக் வரும். அதற்கு ட்யூனரைச் சரியாகச் சேருங்கள். பிறகு அதே 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு, நெக்கை விட்டு விலகும்படி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திறந்த கம்பியைச் சுருதி சேர்த்தே மறுபடி பாருங்கள். பேஸை மடியில் படுக்கப் போட்டுச் செய்யாதீர்கள், வாசிக்கும் நிலையில் பிடித்து, வாசிக்கும் அளவுக்கே அழுத்துங்கள். முடிந்தபின் சாடில்கள் படிக்கட்டு போல நிற்கும், ஈ கம்பியினுடையது எல்லாவற்றுக்கும் பின்னால். ஒன்று மட்டும் வரிசையை விட்டுக் கோணலாக நின்றால் சாடிலைச் சந்தேகிக்காதீர்கள், அந்தக் கம்பியைச் சந்தேகியுங்கள்.

கடைசியாகப் பிக்கப். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் காந்தமுனைக்கும் இடையே ஈ பக்கம் 2.8 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று வைத்துப் பார்த்து, நான்கு கம்பியும் ஒரே பலத்தில் கேட்கும்வரை காதால் சரிசெய்யுங்கள். சத்தம் கூட வேண்டுமென்று கிட்டே ஏற்றினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் தள்ளாடும்.

உரசல் எங்கிருந்து வருகிறது

இவ்வளவும் செய்தபின்னும் எங்கோ உரசினால், எங்கே என்பதிலேயே விடை இருக்கிறது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் என்றால் நெக் மிகவும் நேராக இருக்கிறது, தண்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். 12ஐத் தாண்டி என்றால் உயரம் போதாது, அல்லது நெக்கின் கடைசிப் பகுதி உடலருகே எழும்பியிருக்கிறது. திறந்த கம்பி மட்டும் உரசினால் நட்டின் வெட்டு ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு சுரம் என்றால் அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த ஃப்ரெட்டும் இரண்டு பக்கத்து ஃப்ரெட்டுகளும் சேர மூன்றின் மேல் பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் விளிம்பை வைத்து ஆட்டிப் பாருங்கள், நடுவில் இருப்பது உயரம் என்றால் சீசா போல ஆடும்.

பெரும்பாலோர் மறப்பது ஒன்று: உரசல் ஆம்ப் வழியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அறையின் அமைதியில் மட்டும் கேட்டு ஆம்பில் கேட்கவில்லையென்றால் விட்டுவிடலாம். பல பதிவுகளில் பேஸை மட்டும் தனியாகக் கேட்டால் திடுக்கிடும் அளவு உரசல் இருக்கும்.

ஆம்ப்

வீட்டில் பழக ஹெட்ஃபோன் ஆம்போ, இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த துளை உள்ள, கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸோ போதும். கிட்டார் ஆம்பில் மெதுவாக வாசிக்கலாம், ஒலியைக் கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழியும்.

டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் வாட் கணக்கு வேறு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு ‘கொஞ்சம் கூடியது’ என்ற அளவு. அதனால் 100க்கும் 150க்கும் இடையில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதில் பயனில்லை. 200, 300 வாட் ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் என்று பாருங்கள். ஆம்பெக் எஸ்விடி என்ற ஆம்ப் 1969இல் 300 வாட்டோடு வந்தபோது அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்று அதே வாட்டைத் தரும் கிளாஸ் டி வகை ஆம்ப் தலைகள், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்கள், மூன்று கிலோவுக்குள் பையில் போகின்றன.

இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைக்கிறவர்கள் ஓம், அதாவது மின்தடைக் கணக்கைப் பாருங்கள். 8 ஓம் பெட்டி இரண்டை வழக்கம்போல் இணைத்தால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம். பின்பக்கம் குறைந்தபட்சம் 4 என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்துங்கள். ஆம்புக்கும் பெட்டிக்கும் இடையே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள், பார்க்க ஒன்று போல இருந்தாலும் அதன் வயர் மெல்லியது, சூடாகிவிடும்.

அப்புறம் அந்த நடுக் குமிழ். தனியாக அறையில் வாசிக்கும்போது நடு அலைவரிசையைக் குறைத்து, அடியையும் உச்சியையும் ஏற்றினால் பிரமாதமாகக் கேட்கும். அதே அமைப்போடு ஒத்திகைக்குப் போனால் நீங்கள் காணாமல் போவீர்கள். அடியை டிரம்ஸின் கிக் விழுங்கிவிடும், உச்சியை சிம்பல். பேஸ் கேட்கும் இடம் ஏறத்தாழ 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை. சின்ன ஸ்பீக்கர்கள் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தருவதே இல்லை. அதன் இரட்டிப்பான 82ஐயும் மேலே உள்ளவற்றையும் கேட்டு, அடியில் 41 இருப்பதாகக் காதுதான் கற்பித்துக்கொள்கிறது. நான் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்கி, கேட்கவில்லையென்றால் முதலில் நடுவைத்தான் தொடுவேன்.

வாசிக்கத் தொடங்கியபின்

முதல் வாரம் வேகத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். வாசிக்காத கம்பிகளை அடக்கப் பழகுங்கள். பேஸில் தடித்த கம்பி ஒன்றை மீட்டினால் மற்றவையும் சேர்ந்து முனகும், அந்த முனகல்தான் புதிதாக வாசிப்பவரின் பேஸைச் சேறாக்குகிறது. ஜி கம்பிக்குப் போகும்போது வலது கட்டைவிரல் ஈ, ஏ கம்பிகளின் மேல் படுத்திருக்கட்டும், இடது கையின் சும்மா இருக்கும் விரல்கள் மீதியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சுரம் தொடங்கும் இடத்தைப் போலவே அது முடியும் இடமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஸ்னேர் அடிக்கும் நொடியில் உங்கள் சுரம் சரியாக நின்றால், டிரம்ஸ் வாசிப்பவர் திரும்பி உங்களைப் பார்ப்பார்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நான்கு எண்ணிக்கைக்கும் அடிக்க விடாமல், இரண்டிலும் நான்கிலும் மட்டும் அடிக்கும்படி வைத்துக்கொண்டு ஒரே சுரத்தைப் பத்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பதிவைக் கேட்டால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எனக்கு இன்னமும் இருக்கிறது.

கழற்றிய பழைய கம்பிகளைத் தூக்கி எறியாமல் சுருட்டிப் பையில் வைத்திருங்கள். பேஸ் கம்பி லேசில் அறுவதில்லை, அறும் நாளில் புது செட் கையில் இருப்பதும் இல்லை. பருவம் மாறும்போதெல்லாம் எட்டாவது ஃப்ரெட்டில் அந்த ‘டிக்’ இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஆலன் கீயை எடுத்து எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, மறுநாள் காலையில் மறுபடி தட்டிப் பாருங்கள்.